மதுமயக்கமும் மூளைக் காயமும்

கையில் முறிவு ஏற்படின் கண்ணாற் காண்கிறோம். மூளையில் ஏற்படும் காயமோ கபாலத்தினுள் மறைந்து கிடப்பது. மதுமயக்கமும் அதனுடன் சேருமாயின் உண்மையை அறிவது இன்னும் அரிதாகும்.

1948-ஆம் ஆண்டு சென்னை மாகாணம் முழுவதும் மதுவிலக்கு அமுலுக்கு வந்தபோது, பிரஞ்சு ஆட்சியிலிருந்த காரைக்காலை அச்சட்டம் கட்டுப்படுத்தவில்லை. 1954-ல் ஆட்சி மாறிய பின்னரும், எல்லை கடந்து வந்து குடித்து, இரவில் மோட்டார் சைக்கிளேறித் திரும்புவோர் உளர். அவருள் ஒருவர் வழியில் வீழ்ந்து தலையில் அடிபட்டால் நிகழ்வது யாது?

அறிவு தெளிந்துள்ள அளவைக் கணிக்க, கிளாஸ்கோ நகரத்து வைத்தியர்களான டீஸ்டேல், ஜென்னட் என்னும் இருவர் 1974-ல் ஓர் அளவையை வகுத்தனர். கண்திறத்தல், பேச்சு, அங்க அசைவு ஆகிய மூன்றையும் நோக்கி 3 முதல் 15 வரை எண்ணிடுவர். மதுவும் இவ்வெண்ணைத் தாழ்த்தக்கூடும். கபாலத்தினுள் கசியும் இரத்தமும் தாழ்த்தும். "குடிமயக்கந்தான், விடிந்தால் தெளியும்" என்று திண்ணையிற் கிடத்தி விடுவதால் உயிரே போதலும் உண்டு. மது இரத்தம் உறைவதையும் தடுக்கவல்லது. நெடுநாட் குடியரின் மூளை சுருங்குவதால், அதன் மேலுள்ள இரத்தக் குழாய்கள் இழுபட்டுச் சிற்றடிக்கும் அறுந்துவிடுகின்றன.

மறுநாள் அவர் தெளிந்து பேசினால் உறவினர் மகிழ்வர். அது பெரும்பாலும் மது இறங்கியதன் பயனேயன்றி, மூளை ஆறியதன் பயனன்று. அடிபட்ட வேளையில் இரத்தத்திலிருந்த மது பிற்கால அறிவுத் தேர்ச்சியை எவ்வளவு பாதிக்குமென்பதில் ஆராய்ச்சியாளர் ஒருமுகப்படவில்லை. ஆயினும் அடிபட்டபின் தொடரும் குடி கேடு விளைக்குமென்பதில் ஐயமில்லை. ஞாபகம், கவனம், நிதானம் ஆகியவற்றுக்கு உறைவிடமான முன்மூளையும் பக்கமூளையுமே இத்தகைய விபத்துக்களிற் பெரிதும் சிதைவன. மது தாக்குவதும் அவற்றையே. எஞ்சிய அணுக்கள் மாதக்கணக்கில் புதுத் தொடர்புகளை அமைத்துக்கொள்ளும் காலத்தில், மது அவ்வேலையைக் கெடுத்து, வலிப்பையும் மறுமுறை விழும் அபாயத்தையும் பெருக்குகிறது.

ஆதலின் அடிபட்டவரைத் தாமதமின்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லல் வேண்டும். அவர் குடித்திருந்ததை வெட்கத்தால் மறைத்தலாகாது. நெடுநாட் குடியர் திடீரென நிறுத்தும்போது நடுக்கமும் வலிப்பும் தோன்றக்கூடும். அதற்குரிய மருந்தையும், தயமின் என்னும் ஜீவசத்தையும் வைத்தியர் வேளையோடு அளிக்க அவ்வுண்மையே துணையாகும். வள்ளுவர் கள்ளுண்ணாமைக்கு ஓரதிகாரமே வகுத்தார். காயமுற்ற மூளைக்கு அவ்வறம் மருந்தோடொத்த பத்தியமுமாகும் என்பதை நாம் உணர்வோமாக.