கவிதையில் எழுதிய கடிதங்கள்

அருகில் இருப்பவருக்கு நாம் கடிதம் எழுதுவதில்லை. எழுதுபவருக்கும் பெறுபவருக்கும் இடையே தொலைவு இருந்தால்தான் கடிதம் பிறக்கும். அத்தொலைவைக் கவிதைக்குரிய கருவியாக்கிக் கொண்ட பண்டை இலத்தீன் புலவர்களுள் இருவரை இன்று காண்போம்.

முதலாமவர் ஹொரேஸ். கி.மு. 20ஆம் ஆண்டை ஒட்டி வெளிவந்த அவருடைய கடித நூலின் முதற் பகுதியில் 20 கடிதங்கள் உள்ளன. வீரகாவியத்திற்குரிய அறுசீரடியிலேயே அவற்றை எழுதினார்; ஆனால், அவ்வடியை உரையாடலின் எளிமைக்கு இறக்கிக் கொணர்ந்தார். அவற்றுள் ஒன்று நண்பரை விருந்துக்கு அழைக்கிறது. மற்றொன்று பண்ணைக் கண்காணிப்பாளனுடன் பேசுகிறது. மேடையேறி அறம் உரைப்பவனிடமிருந்து கேட்போர் விலகுவர். நண்பனுக்கு எழுதுபவனோ தன் குறையையும் ஒப்புக்கொண்டு அறம் பேசலாம். கடிதத்தால் ஹொரேஸ் பெற்ற பயன் இதுவே.

இரண்டாமவர் ஓவிட், கி.மு. 43இல் பிறந்தவர். பழங்கதைப் பெண்கள் தம் காதலர்க்கும் கணவர்க்கும் எழுதுவனவாகப் பல கடிதங்களைக் கற்பனை செய்தார். டிராய்ப் போர் முடிந்தும் வீடு திரும்பாத யுலிசீஸுக்கு மனைவி பெனலோப்பி எழுதும் கடிதம் அந்நூலில் முதலாவது. கதையின் முடிவு நமக்குத் தெரியும். எழுதுகின்ற பெனலோப்பிக்குத் தெரியாது. அக்கடிதத்தின் துயரம் முழுவதும் இவ்வேறுபாட்டில் அடங்கியிருக்கிறது.

கற்பனையில் கண்ட பிரிவு கவிஞரின் வாழ்விலேயே நேர்ந்தது. கி.பி. 8இல் பேரரசர் அகஸ்டஸ் அவரைக் கருங்கடற் கரையிலுள்ள டோமிஸ் நகருக்கு அகற்றினார். இன்றைய ருமேனியாவின் கான்ஸ்டன்சா நகரமே அது. ஒரு கவிதையும் ஒரு பிழையும் தம்மைக் கெடுத்தன என்று ஓவிட் குறிப்பிட்டார். பிழை இன்னதென்று விளக்கவில்லை. அத்தண்டனைக் காலத்தில் 'துயரப் பாடல்கள்' என்னும் ஐந்து புத்தகங்களும், 'கருங்கடற் கடிதங்கள்' என்னும் நான்கு புத்தகங்களும் எழுதினார். முன்னதில் நண்பர்களின் பெயரைப் பெரும்பாலும் மறைத்தார். தம் நட்பால் அவர்களுக்குத் தீங்கு வரலாகாது என்பது அவர் கருத்து. பின்னதில் பெயர்களை வெளிப்படையாகவே எழுதினார்.

மனைவியை இழந்த கல்லியோ என்னும் நண்பருக்கு அவர் எழுதிய ஆறுதற் கடிதம் ஒன்றுண்டு. மடல் வந்து மறுமடல் போய்ச் சேர்வதற்குள் ஓர் ஆண்டு கழிந்துவிடும். அதற்குள் நண்பர் மறுமணமும் செய்திருக்கலாமே என்று அதில் தயங்குகிறார். ஆறுதல் சொல்லும் உரிமையைக்கூடத் தொலைவு பறித்துவிட்டது!

ரோமுக்கு மீளவேண்டும், இயலாவிடில் சற்று அருகிலேனும் இடம் வேண்டும் என்று கடிதந்தோறும் வேண்டினார் ஓவிட். அகஸ்டஸும் இரங்கவில்லை, அடுத்து வந்த டைபீரியஸும் இரங்கவில்லை. டோமிஸிலேயே கவிஞர் உயிர் நீத்தார். 2017 டிசம்பரில் ரோம் நகர மன்றம் அந்தத் தண்டனையை நீக்கித் தீர்மானம் நிறைவேற்றியது. அக்கடிதங்களுக்கு மறுமொழி கிடைத்தபோது, எழுதியவர் மறைந்து ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகள் கடந்திருந்தன.