குதிரை மேல் பழி

வண்டூர் படகுத்துறை. ஜாலி பாய் தீவுக்குப் போகும் படகு கிளம்பத் தாமதமாகும் என்றார்கள். காத்திருந்த நேரத்தில் படகு ஊழியர் ஒருவர் செஸ் பலகையை விரித்தார். ராமநாதபுரத்துப் பூர்வீகம். 20 நிமிடங்களில் என் கதை முடிந்தது. “குதிரையை அங்கே கொண்டுபோயிருக்கக் கூடாது” என்று முனகினேன். அவர் சிரித்தார். “குதிரை என்ன சார் பண்ணும்? ராஜா பக்கம் அடிக்கணும்னு முதல்லயே முடிவு பண்ணிட்டீங்க. நான் நடுவுல சிப்பாயைத் தள்ளினப்பவும் மாத்திக்கல.”

தோற்ற பிறகு நாம் எல்லோருமே தேடுவது அந்த ஒரு தப்பான நகர்த்தலைத்தான். (மொழிபெயர்ப்பாளனுக்கும் இது பழக்கம். பத்தியையே தவறாகப் புரிந்துகொண்டு, ஒரு சொல்லை மட்டும் மாற்றிப் பார்ப்பான்.) திட்டத்தைச் சந்தேகிக்க மனம் வருவதில்லை.

அதைச் சந்தேகித்தவரிடம் ஆனந்த் ஒருமுறை பெரிய விலை கொடுத்தார். 1995. நியூயார்க் உலக வர்த்தக மையத்தின் 107-ஆவது மாடி. காஸ்பரோவுடன் உலகப் பட்டப் போட்டி. முதல் எட்டு ஆட்டங்களும் டிரா. ஒன்பதாவதில் ஆனந்த் வென்றார். தமிழகம் துள்ளியது.

காஸ்பரோவ் என்ன செய்தார் என்பதுதான் சுவாரசியம். ஆனந்த் ஆறாவது ஆட்டத்தில் கறுப்புக் காய்களுடன் ஆடிய அதே வழியைப் பத்தாவதிலும் தேர்ந்தெடுத்தார். காஸ்பரோவ் 14-ஆவது நகர்த்தலில் வழி மாறினார். மந்திரியைப் பின்னுக்கு இழுத்தார், பிறகு யானையையே விட்டுக்கொடுத்துத் தாக்கினார். வென்றார். கறுப்புக் காய்கள் தன் கைக்கு வந்தபோது அடுத்த மாற்றம். ஒன்பதாவதில் தோற்ற ஷெவெனிங்கன் தற்காப்பை ஒட்டுப்போட்டுச் சரிசெய்து மறுபடி இறக்கவில்லை. அதை மூட்டை கட்டி வைத்துவிட்டு ‘டிராகன்’ முறைக்குத் தாவினார். 11-ஆவது, 13-ஆவது ஆட்டங்களில் அதுவே அவருக்கு வெற்றி தந்தது. முடிவு 10.5 - 7.5. என்னைக் கேட்டால், ஒன்பதாவது ஆட்டத்தால் அதிகம் பயனடைந்தவர் அதில் தோற்றவர்தான்.

ஆனந்தும் அதை மறக்கவில்லை போலும். 2010-இல் சோஃபியாவில் டோபலோவுடன் பட்டப் போட்டி. ஐஸ்லாந்து எரிமலைச் சாம்பலால் விமானங்கள் நின்றுவிட, பிராங்பர்ட்டிலிருந்து சாலை வழியாக வந்து சேர்ந்தவர், முதல் ஆட்டத்திலேயே தோற்றார். ஆடியது கிரன்ஃபெல்ட் தற்காப்பு. தயாரித்து வந்த நகர்த்தல்களின் வரிசை குழம்பிவிட்டது. மறுநாள் வெள்ளைக் காய்கள். ‘பழிக்குப் பழி’ என்று பாயாமல், நிதானமான காட்டலான் திறப்பை ஆடி வென்றார். மூன்றாவதில் மீண்டும் கறுப்பு வந்தபோது கிரன்ஃபெல்ட் இல்லை, ஸ்லாவ். கிரன்ஃபெல்ட் பத்தாவது ஆட்டத்தில்தான் திரும்பி வந்தது. கடைசி, 12-ஆவது ஆட்டத்தைக் கறுப்புக் காய்களுடன் வென்று 6.5 - 5.5 என்று பட்டத்தைத் தக்கவைத்துக்கொண்டார்.

வண்டூரில் எனக்கும் இரண்டாவது ஆட்டம் கிடைத்தது. இந்தமுறை ராஜா பக்கம் போகவில்லை. அவர் சிப்பாயைத் தள்ளுவதற்கு முன்பே நடுவில் குதிரையை நிறுத்தினேன். அவர் தாடையைத் தடவி யோசிக்க ஆரம்பித்தபோது, படகு கிளம்பப்போகிறது என்று யாரோ கூப்பிட்டார்கள். காய்களை அள்ளி டப்பாவில் போட்டுக்கொண்டே, “சாயங்காலம் திரும்பி வருவீங்கள்ல சார்?” என்றார்.