விக்கெட் இரண்டு முறை விழும் ஊர்

பொகவந்தலாவை டவுனில் ஒரு விக்கெட் இரண்டு முறை விழும். முதலில் போன் அழைப்பில், பிறகு போன் திரையில். மார்ச் மாதம், சென்ட்ரல் எனப்படும் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியும் சென் ஜோன்ஸ் கல்லூரியும் மோதும் வடக்கின் பெருஞ்சமர் நடக்கும் நாட்களில் பஜாரில் ஏதாவது ஒரு தேத்தண்ணிக் கடைக்குள் எட்டிப் பாருங்கள், விஷயம் புரிந்துவிடும். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி மைதானத்தில் நிற்கும் கூட்டாளி அழைத்து "அவுட்டுடா மச்சான்!" என்று கத்துகிறான். கடையில் பாதிப்பேர் துள்ளி எழும்பிவிட்டார்கள். மீதிப்பேர் பார்க்கும் நேரலையிலோ பந்துவீச்சாளர் இன்னும் ஓடி வந்துகொண்டிருக்கிறார். "சொல்லாதீங்கண்ணே! நாங்க பார்த்துக்கிறோம்!" என்று காதைப் பொத்துகிறார்கள். அதற்குள் ஸ்டம்ப் பறக்கிறது, மறுபடியும் கூச்சல். ஒரே விக்கெட்டுக்கு இரண்டு கொண்டாட்டம், இரண்டு சுற்று பிளேன்டீ. எனக்கு இதைவிடப் பெரிய திருவிழா தெரியாது!

அந்தச் சில வினாடி இடைவெளிக்குள் எவ்வளவு பேர் வேலை செய்கிறார்கள் என்பதுதான் நான் சொல்ல வந்த ரகசியம். பந்துவீச்சாளரின் முதுகுக்குப் பின்னால், வெள்ளைத் திரைக்கும் மேலே, இரும்புக் குழாய்களைக் கட்டி எழுப்பிய சாரத்தின் உச்சியில் ஒருவர் கமராவோடு நாள் முழுக்க வெயிலில் காய்கிறார். கீழே கூடாரத்துக்குள் இன்னொருவர் எந்தக் கமராவின் படம் நமக்கு வரவேண்டும் என்று பொத்தானை அழுத்தித் தீர்மானிக்கிறார். பக்கத்தில் ஒரு பொடியன் ஒவ்வொரு பந்துக்கும் திரையின் அடியிலுள்ள ஓட்ட எண்ணிக்கையைத் தட்டுகிறான். வர்ணனையாளர்கள் தண்ணீர் போத்தலும் பெயர்ப் பட்டியலுமாகப் பேசித் தீர்க்கிறார்கள். எல்லாம் சேர்ந்து இணையத்தில் ஏறி, மலையைச் சுற்றி, நம்முடைய பள்ளத்தாக்குச் சிக்னலைப் பிடித்து வந்து சேருவதற்குள், மைதானத்தில் நிற்கும் கூட்டாளியின் குரல் முந்திவிடுகிறது.

பொகவந்தலாவைக்காரருக்கு யாழ்ப்பாணத்து மெட்ச்சில் என்ன இவ்வளவு வெறி என்று கேட்பீர்கள். மலையகப் பள்ளிக்கூடங்களில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து படிப்பித்த ஆசிரியர்கள் ஒரு தலைமுறை அல்ல, பல தலைமுறை. கணக்கையும் விஞ்ஞானத்தையும் கொண்டுவந்தவர்கள் தங்கள் கல்லூரிக் கொடியையும் மனதுக்குள் மடித்துக்கொண்டு வந்தார்கள். சேர் சென் ஜோன்ஸ் என்றால் வகுப்பில் பாதி சென் ஜோன்ஸ். சேரோடு கோபம் என்றால் அந்தப் பாதி சென்ட்ரல்! இப்போதைய பிள்ளைகளுக்குக் காரணம் வேறு. மத்திய கல்லூரியில் படித்த விஜயகாந்த் வியாஸ்காந்த் 2020இல் எல்.பி.எல். போட்டியில் ஜஃப்னா ஸ்டேலியன்ஸுக்குச் சுழல் வீசினார், 2024இல் ஐ.பி.எல்.லில் சன்ரைசர்ஸ் ஹைதராபாத்துக்கு ஆடினார். பிறகென்ன, டெனிஸ் பந்தை எடுத்தவனெல்லாம் லெக் ஸ்பின்தான் போடுகிறான்.

இனி வாக்குவாதத்துக்கு வருவோம், ஏனென்றால் அதுதான் உண்மையான ஆட்டம். மத்திய கல்லூரி 1816இல் தொடங்கியது, சென் ஜோன்ஸ் 1823இல். இரண்டும் மோதத் தொடங்கியது 1904இல். போரும் இடப்பெயர்வும் சில ஆண்டுகளை விழுங்கியும், நூறைத் தாண்டிய சமர்கள் முடிந்துவிட்டன. இவ்வளவு நீண்ட கதையில் யார் பெரியவர் என்ற கேள்வியைவிட, அதை யார் எப்படிச் சொன்னார் என்ற கேள்விக்குத்தான் சூடு அதிகம். வர்ணனையாளர் சென்ட்ரல் பக்கம் சாய்கிறாராம். பவுண்டரி போகிற நேரத்தில் கமரா பப்பரே பேண்ட் பக்கம் திரும்பிவிட்டதாம். வெற்றி தோல்வியின்றி முடிந்த ஆட்டத்துக்கு ஞாயிற்றுக்கிழமை பத்திரிகையில் என்ன தலைப்பு வரவேண்டும்? "சென்ட்ரல் தப்பியது" என்கிறார் சேர். "சென் ஜோன்ஸ் கோட்டைவிட்டது என்று போடணும் சேர்" என்கிறான் பழைய மாணவன். அதே சமநிலைதான், அதே ஓட்டங்கள்தான். இரண்டு தலைப்பிலும் பொய் இல்லை, அதனால்தான் சண்டை முடியாது.

பப்பரே என்றதும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ட்ரம்பெட்டும் மேளமுமாகப் பார்வையாளர் பக்கத்திலிருந்து கிளம்பும் அந்த இசையின் பெயரையே தனக்கு வைத்துக்கொண்டதுதான் 'தபப்பரே' விளையாட்டு இணையத்தளம். பள்ளிக்கூட ஆட்டங்களை நேரலையாகக் காட்டுவதும், தமிழில் விளையாட்டுச் செய்தி எழுதுவதும் அவர்கள் செய்கிற நல்ல காரியம். விருப்பத்துக்குரிய வீரரின் பெயரைத் தமிழ் எழுத்தில் பார்க்கிற சந்தோஷம் லேசானதல்ல.

ஆனால் என் மனம் போய் நிற்கும் இடம் ஸ்கோரர்களின் மேசை. அங்கே யாரும் கமராவைத் திருப்புவதில்லை. கிரிக்கெட் சட்டங்களில் மூன்றாவது விதியே அவர்களுக்காகத்தான்: இரண்டு ஸ்கோரர்கள் இருக்கவேண்டும், அடிக்கடி ஒப்பிட்டுச் சரிபார்க்கவேண்டும், நடுவர் காட்டும் ஒவ்வொரு சைகைக்கும் பதில் காட்டவேண்டும். நடுவர் கையை ஆட்டி பவுண்டரி என்று காட்டினால், ஸ்கோரர் கை தூக்கும்வரை ஆட்டம் காத்திருக்கும். வெளியே கொடிகள் பறக்க, பேண்ட் முழங்க, எதிரெதிர்க் கல்லூரிகளின் இரண்டு பேர் தோளோடு தோள் உட்கார்ந்து "இருபத்தி மூணு நாலு?" "இருபத்தி மூணு நாலு" என்று ஓவருக்கு ஓவர் ஒத்துப்போகிறார்கள். துடுப்பாட்டக்காரர்களின் ஓட்டங்களையும் உதிரிகளையும் கூட்டினால் மொத்தம் வரவேண்டும். பந்துவீச்சாளர்கள் கொடுத்த ஓட்டங்களோடு பை, லெக்பை கூட்டினாலும் அதே மொத்தம் வரவேண்டும். ஒன்று இடித்தால் இரண்டு பேரும் பக்கம் பக்கமாகப் பின்னோக்கித் தேடுகிறார்கள். மைதானம் முழுக்கப் பிரிந்து நிற்கும்போது ஒற்றுமையாக இருப்பது அந்த மேசை மட்டும்தான்!

அந்தக் கணக்கிலும் உடன்பாடு வராமல் போனால்? கொழும்பைப் பாருங்கள். ரோயல் கல்லூரியும் சென் தோமஸ் கல்லூரியும் ஆடும் நீலங்களின் சமரில், 1885இல் ரோயல் ஒன்பதே ஓட்டங்களுக்குச் சுருண்டது. ஒன்பது! முழு அணிக்கும் சேர்த்து! இரண்டாம் நாள் ரோயல் ஆட வரவில்லை. வென்றோம் என்று தோமஸ் பக்கம் இன்றுவரை எழுதுகிறது. வெற்றி தோல்வி இல்லை என்று ரோயல் பக்கம் எழுதுகிறது. 140 ஆண்டுகளாக ஒரே ஆட்டத்துக்கு இரண்டு முடிவு. வெற்றிக் கணக்கைச் சொல்லும்போது எந்தப் பக்கத்துப் பழைய மாணவரிடம் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்து எண்ணே மாறும்.

இப்போது துள்ளிக் குதிக்கவேண்டிய இடம். நீலங்களின் சமரில் 1879இல் நடந்த முதல் ஆட்டத்தில் ஆசிரியர்களும் சேர்ந்து ஆடியதால், மாணவர்கள் மட்டும் ஆடிய 1880இலிருந்துதான் வரிசை எண்ணுகிறார்கள். அந்தக் கணக்கில்தான் 2025இல் நடந்தது 146ஆவது சமர். 1879, 1880 என்ற இந்த இரண்டு ஆண்டுகளும் பொகவந்தலாவை சென் மேரிஸ் தேவாலயக் கல்லறையில் இருக்கின்றன! உலகப் புகழ்பெற்ற புகைப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கமரன் 1879இல் திக்கோயா பக்கத்துக் கிளென்கேர்ன் தோட்டத்தில் இறந்து இங்கேதான் அடக்கம் செய்யப்பட்டார். அவர் கணவர் சார்ள்ஸ் ஹே கமரன் 1880இல் இறந்து பக்கத்திலேயே உறங்குகிறார். அந்தக் கமரன் யார்? இலங்கையின் நிர்வாகத்தை மாற்றியமைத்த கோல்புரூக்–கமரன் ஆணைக்குழுவின் கமரன். அந்த ஆணைக்குழுவுக்குப் பின்னால்தான் 1836இல் அரசு கொழும்பு அக்கடமியைத் தன் பள்ளிக்கூடமாக்கியது. 1881இல் அதன் பெயர் ரோயல் கல்லூரி ஆனது. கொழும்பில் கூடாரம் போட்டுச் சண்டை பிடிப்பவர்களின் கதைக்கு ஒரு வேர் நம்மூர் மண்ணுக்குள் கிடக்கிறது என்று தெரிந்த நாளிலிருந்து எனக்கு அந்தக் கல்லறையைக் கடந்து சும்மா போகமுடிவதில்லை.

வேர் இருக்கிறது, ரசிகர் இருக்கிறார், தொண்டைகிழியக் கத்த ஆளிருக்கிறது. நம்முடைய பிள்ளைகள் ஆடும் ஆட்டம் எங்கே பதிவாகிறது? சமதரை கிடைப்பதே அரிதான மலையில், சிக்ஸர் அடித்தால் தேயிலைச் செடிக்குள் இறங்கிப் பந்து தேடவேண்டிய மைதானங்களில், நம் பாடசாலைகள் ஒன்றோடொன்று மோதத்தான் செய்கின்றன. 2017 மே மாதம் நோர்வூட் மைதானத்துக்கு உலகத்துக் கமராக்களெல்லாம் வந்தன, இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி பேச வந்ததால். அங்கே அவர் முத்தையா முரளிதரனின் பெயரைச் சொன்னார். தோட்டத்துக்கு வந்த பாட்டனின் பேரன், கட்டுகஸ்தோட்டை சென் அந்தனீஸ் கல்லூரிக்கு ஆடியவர், டெஸ்ட்டில் 800 விக்கெட். அந்தக் கல்லூரியின் பெரிய ஆட்டத்தில் ஸ்கோர் புத்தகம் எழுதப்பட்டது, பத்திரிகைக்குப் போனது. அதனால்தான் அவர் பள்ளிப் பருவத்தைப் பற்றி இன்று பேசமுடிகிறது. நோர்வூட்டிலோ பொகவந்தலாவையிலோ நேற்று ஐந்து விக்கெட் எடுத்த பெண்பிள்ளைக்கும் ஆண்பிள்ளைக்கும் ஸ்கோர் புத்தகத்தில் அப்படி ஒரு பக்கம் வேண்டும். வாதாடுவதற்கே ஒரு கணக்கு வேண்டும்!

ஆகவே ஆசிரியர்களே, பழைய மாணவர்களே, தேத்தண்ணிக் கடை அண்ணன்மாரே: அடுத்த பாடசாலை மெட்ச்சுக்கு ஒரு ஸ்கோர் புத்தகமும் இரண்டு பேனாவும் வாங்கிக் கொடுங்கள். பந்துக்குப் பந்து எழுதக்கூடிய இரண்டு பிள்ளைகளைப் பக்கம் பக்கமாக உட்கார வையுங்கள். ஒருவர் போனை ஒரு குச்சியில் கட்டி வெள்ளைத் திரைப் பக்கம் நிறுத்தட்டும், ஒருவர் தமிழில் வர்ணனை சொல்லட்டும். ஆட்டம் முடிந்த இரவே பிள்ளைகளின் முழுப் பெயரோடு, ஓட்டம், விக்கெட், திகதி, மைதானம் எல்லாவற்றையும் எழுதிப் பத்திரிகைகளின் விளையாட்டுப் பக்கத்துக்கு அனுப்புங்கள்.