மச்சத்தின் மேல் லேசர் படலாமா?

உங்கள் பெண்ணுக்குத் தை மாதம் கல்யாணம். மோவாயில் நாலைந்து முடி. பக்கத்திலேயே மிளகு சைஸில் ஒரு மச்சம். 'லேசர் வெச்சா முடி போயிடுமாமே' என்று கொட்டாம்பட்டியில் பஸ் ஏறி, மேலூர் வழியாக மதுரைக்குக் கிளம்புகிறீர்கள். தப்பே இல்லை. ஆனால், அவள் மெஷின் முன்னால் உட்காருவதற்குள் இதைப் படித்துவிடுங்கள்.

லேசருக்கு முடி, மச்சம் என்ற பேதம் தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் கறுப்பு ஒன்றுதான்!

முடிக்குக் கறுப்பு நிறம் தருவது மெலனின் என்ற நிறமி. அது லேசர் ஒளியை உறிஞ்சிச் சூடாகிறது. அந்தச் சூட்டில் முடியின் வேர் பாதிக்கப்பட்டு, வளர்ச்சி குறைகிறது. 1983-ல் ஆண்டர்சன், பாரிஷ் என்ற இரு அமெரிக்க டாக்டர்கள் விளக்கிய தத்துவம் இது. மச்சத்தில் இருப்பதும் அதே மெலனின்தான், அதுவும் கும்பலாக! அதனால் சூடு அங்கே அதிகமாக இறங்கும். கொப்புளம், தழும்பு, நிற மாற்றம் எல்லாம் வரலாம்.

'மச்சத்துல லேசர் பட்டா கேன்சர் வருமாமே?'

அப்படி நிரூபணம் ஆகவில்லை. பயப்படாதீர்கள். சிக்கல் வேறு. மச்சம் என்று நாம் நினைப்பது, அபூர்வமாக, மெலனோமா என்ற தோல் புற்றுநோயாக இருக்கலாம். லேசர் மேலே உள்ள கறுப்பை மட்டும் வெளுக்கச் செய்து, அடியில் இருப்பதை விட்டுவிட்டால், பிறகு டாக்டர் பார்த்துக் கண்டுபிடிப்பது கஷ்டம். தடயத்தை அழித்துவிட்டுத் திருடனைத் தேடுகிற கதைதான்.

நம்மவர்களுக்கு மெலனோமா குறைவு. வந்தால் பெரும்பாலும் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடியில் வருகிறது. ஆனாலும், எந்த மச்சமாக இருந்தாலும் இவற்றைக் கவனியுங்கள்:

* ஒரு பாதி மறு பாதியைப் போல இல்லாதது.
* ஓரம் கோணல்மாணலாக இருப்பது.
* ஒரே மச்சத்தில் பல நிறம்.
* 6 மி.மீ.க்கு மேல் அகலம்.
* சமீபத்தில் வளர்ந்தது, அரிப்பது, ரத்தம் கசிவது.

இதில் ஒன்று இருந்தாலும் லேசரைத் தள்ளிப்போடுங்கள். முதலில் தோல் டாக்டரிடம் காட்டுங்கள். மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையிலேயே தோல் பிரிவு இருக்கிறது.

மச்சம் சாதாரணம்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டாரா? லேசர் வைக்கிறவரிடம் ஒவ்வொரு மச்சத்தையும் காட்டுங்கள். வெள்ளை மறைப்புப் போட்டு, சுற்றிலும் கொஞ்சம் இடம் விட்டுத்தான் லேசர் வைக்க வேண்டும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். மாநிறத்துக்கும் கறுப்புத் தோலுக்கும் 1064 நானோமீட்டர் 'என்டி யாக்' லேசரில் சுடும் ஆபத்து குறைவு. 'எந்த லேசர்?' என்று கூச்சப்படாமல் கேளுங்கள்.

மச்சத்திலேயே முடி முளைத்திருந்தால்? சின்னக் கத்தரியால் ஒட்ட நறுக்கிவிட்டால் போதும். பிடுங்கினால் சீழ் வைக்கலாம். நிரந்தரமாகப் போகணும்னா, டாக்டர் மச்சத்தையே வெட்டி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புவார்.

இன்னொன்று. மோவாயில் திடீரென்று முடி வளர்ந்து, மாதவிலக்கும் தள்ளித் தள்ளிப் போகிறதென்றால், ஹார்மோன் கோளாறு இருக்கலாம். அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

பள்ளிக்கூட டி.சி.யில் அங்க அடையாளமாக எழுதின மச்சம் நினைவிருக்கா? லேசருக்குப் போகுமுன், அதிலிருந்து ஆரம்பித்து எல்லா மச்சத்தையும் ஒருதரம் எண்ணிப் பார்த்துவிடுங்கள்!