இருட்டைத் தேடி – 9: தெற்கு எந்தப் பக்கம்?

ஃபிளாக்ஸ்டாஃபில் எனக்கு வாய்த்த முதல் அமாவாசை இரவை நானே கெடுத்துக்கொண்டேன். அந்தக் கதையைச் சொல்வதற்கு முன்னால் ஊரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

அரிசோனா மாநிலத்தில், கிட்டத்தட்ட ஊட்டியின் உயரத்தில் இருக்கும் ஊர் இது. முக்கால் லட்சம் பேர் வாழ்கிறார்கள். சரக்கு ரயில்கள் ஊரின் நடுவே ஊளையிட்டுக்கொண்டு போகின்றன. பல்கலைக்கழகம் இருக்கிறது, மதுக்கடைகள் இருக்கின்றன. அப்படியும் ஊருக்குள்ளேயே, பஃபலோ பார்க் என்ற புல்வெளி மேட்டில் ஏறி நின்றால் பால்வீதி தெரிகிறது. நம் ஊரில் இந்த அளவு நகரம் எதிலாவது இது நடக்குமா என்று யோசித்துப் பாருங்கள்.

இதற்கு விதை போட்டது 1958. கடைக்காரர்கள் விளம்பரத்துக்காகச் சுழலவிட்ட தேடுவிளக்குகளை நகர மன்றம் அந்த ஆண்டு தடை செய்தது. காரணம், மார்ஸ் ஹில் குன்றில் 1894 முதல் லோவெல் விண்ணாய்வகம் இருந்தது. 1930-இல் புளூட்டோ கண்டுபிடிக்கப்பட்டது அங்கேதான். 1955-இல் அமெரிக்கக் கடற்படையின் விண்ணாய்வகமும் வந்து சேர்ந்திருந்தது. (புளூட்டோவின் நிலவான சரோனை 1978-இல் காட்டிக்கொடுத்தவை அந்த இரண்டாவது இடத்தில் எடுத்த படத்தகடுகள். ஒரே ஊர், புளூட்டோவும் அதன் நிலவும்!) வானியலாளர்களுக்கு வசதியாக ஊர்க்காரர்கள் தெருவிளக்குகளுக்கும் ஒற்றை நிற மஞ்சள் சோடியம் விளக்குகளையே விரும்பினார்கள். ஒரே அலைநீளம் என்பதால் வடிகட்டுவது எளிது. அவற்றின் உற்பத்தி நின்றுபோனதும் தேனின் நிறத்தில் எரியும் குறுகிய அலைவரிசை எல்.ஈ.டி.க்குத் தாவினார்கள். விளக்குக்குக் குல்லா போட்டு, வெளிச்சம் தரையைத் தவிர வேறெங்கும் போகாமல் பார்த்துக்கொண்டார்கள். 2001-இல் உலகின் முதல் ‘இருள்வான நகரம்’ என்ற அங்கீகாரம் கிடைத்தது.

இப்போது என் தவறு. ‘ஊரைவிட்டு எவ்வளவு தூரம் போகிறோமோ அவ்வளவு நல்லது’ என்ற கணக்கில் வடகிழக்கே காரை விட்டேன். சன்செட் கிரேட்டர் எரிமலை இருக்கும் பக்கம். சுமார் 900 ஆண்டுகளுக்கு முன் வெடித்துத் துப்பிய கரிய சாம்பல் இன்னும் தரையெங்கும் கிடக்கிறது. கால் வைத்தால் நொறுக்குத் தீனி மாதிரிச் சத்தம். இருட்டில் பூமி எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று புரியவில்லை. அங்கீகாரம் பெற்ற இருள்வானப் பூங்கா அது. குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் நள்ளிரவு தாண்டி விருச்சிகம் தென்மேற்கே சாயத் தொடங்கியபோது, எந்த ஊரைவிட்டு ஓடி வந்தேனோ அந்த ஊரின் வெளுத்த ஒளிக்குமிழ் சரியாக அங்கேயே உட்கார்ந்திருந்தது. தேளின் கொடுக்கு அதற்குள் கரைந்துபோனது. தேனின் நிறமானாலும் வெளிச்சம் வெளிச்சம்தானே.

சென்னையில் இருந்திருந்தால் இந்தச் சிக்கல் இல்லை. விருச்சிகத்தின் கேட்டை நட்சத்திரம் நமக்கு உச்சம் தொடும்போது தொடுவானத்திலிருந்து 50 பாகை உயரத்தில் நிற்கும். 35 பாகை அட்சரேகையில் இருக்கும் ஃபிளாக்ஸ்டாஃபில் அதற்கு 28 பாகைதான். கொடுக்கில் இருக்கும் மூலம் இன்னும் கீழே, 18-க்குள். நம் மொட்டை மாடியில் அண்ணாந்து பார்க்கும் நட்சத்திரக் கூட்டம் இங்கே பைன் மரங்களின் தலையை உரசிக்கொண்டு போகிறது. இதற்கு ஈடாக, நமக்குப் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும் துருவ நட்சத்திரம் இங்கே மிடுக்காக மேலே நிற்கிறது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்ய? பால்வீதியின் நடுப்பகுதி, அந்த அடர்ந்த வயிறு, தெற்கில் தனுசுப் பக்கம் அல்லவா இருக்கிறது!

ஆக, இடம் தேடுகிறவர் முதலில் கேட்க வேண்டியது ‘எவ்வளவு இருட்டு’ என்பதை அல்ல; ‘ஊர் எந்தத் திசையில் விழும்’ என்பதைத்தான். மறுநாள் ஊருக்குத் தென்கிழக்கே, லேக் மேரி சாலையில் போனேன். காடு நெருக்கி நிற்கும் சாலை. எல்க் என்ற பெரிய மான்கள் முன்னறிவிப்பில்லாமல் குறுக்கே வரும், வேகம் கூடாது. மேல் ஏரியைத் தாண்டி இடப்பக்கம் ஏறினால் ஆண்டர்சன் மேசா. தட்டையான மேட்டுநிலம், மரங்கள் குறைவு. லோவெல்காரர்கள் ஊர் வெளிச்சத்துக்குத் தப்பித் தங்கள் தொலைநோக்கிகள் சிலவற்றைக் கொண்டுபோய் வைத்தது இந்த மேட்டில்தான் என்றால் எனக்கு வேறு சிபாரிசு தேவையில்லை. அங்கே ஆஷர்ஸ்ட் ஏரிக்கரையில் ஊர் வடமேற்கே, முதுகுப் பக்கம் போய்விட்டது. தென்தென்மேற்கில் ஃபீனிக்ஸ் மாநகரத்தின் சாயல் தரையோடு தரையாக மங்கலாகக் கிடந்தது. அவ்வளவு தொலைவிலிருந்தும் விடமாட்டேன் என்கிறது. அதற்கு மேலே எல்லாம் கறுப்பு.

கண் பழக அரை மணி நேரம் ஆகும். அதுவரை கைப்பேசியைத் தொடக்கூடாது. தொட்டால் கணக்கு மறுபடி பூஜ்யத்திலிருந்து. ஜூன் மாதம்தான், ஆனால் விரல்கள் விறைத்தன. ஸ்வெட்டர் கொண்டுபோகாதவன் நட்சத்திரம் பார்க்கமாட்டான், பல்லைத்தான் கடிப்பான். ஜூலை பிறந்தால் இங்கேயும் பருவமழை, பிற்பகல் இடி. நிலவில்லாத ஜூன் இரவை விட்டுவிட்டால் செப்டம்பர் நடுவரை மேகத்தோடு மல்லுக்கட்ட வேண்டும்.

பதினொன்றரை மணிக்குத் தேளின் கொடுக்கு முழுசாக, ஏரித் தண்ணீருக்கு மேலே வளைந்து நின்றது. பால்வீதியின் நடுவே ஓடும் கரிய தூசுக்கோடுகள் வெறுங்கண்ணுக்கே பிரிந்து தெரிந்தன. பக்கத்தில் முக்காலியோடு வந்திருந்த ஒரு முதியவரிடம், எங்கள் ஊரில் இது இன்னும் மேலே வரும் என்றேன். பொறாமையாகப் பார்த்தார். ‘அப்படியானால் அங்கே இன்னும் நன்றாகத் தெரியுமே?’ என்று கேட்டார். அங்கே எரியும் விளக்குகளைப் பற்றி அவரிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பேச்சை மாற்றி, அகத்தியர் நட்சத்திரத்தை இங்கே பார்த்ததுண்டா என்று கேட்டேன்.

பிப்ரவரியில் வா என்றார். இரவு ஒன்பது மணி வாக்கில், இதே மேட்டில், தெற்கே ஒரு மரம்கூட மறைக்காத இடமாகப் பார்த்து நின்றால், தரைக்கு மேலே இரண்டு சுண்டுவிரல் அகல உயரத்தில் எட்டிப் பார்த்துவிட்டுப் போகுமாம். பனியில் கார் ஏறினால்.

(தொடரும்)