தேர், கோயில், கொழுந்து

‘தேர்முகப்பு, தலையிழந்த கோயிலை அடைந்தால் கொழுந்து (3).’

படித்ததும் மனம் திருவிழாவுக்குப் போய்விடுகிறது. தேர், கோயில், அப்புறம் மரிக்கொழுந்து. எத்தனை முறை படித்தாலும் மூன்றெழுத்து விடை அகப்படாது. இதையே குன்னூர்ப் பக்கம் எஸ்டேட்டில் வளர்ந்த ஒருவரிடம் சொல்லிப் பாருங்கள். கொழுந்து என்றதும் அவருக்குப் பூக்கடை நினைவுக்கு வராது. இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளிக் கூடையில் போடுவதுதான் அவருக்குக் கொழுந்து. ‘தேயிலையா?’ என்பார். பூட்டு திறந்துகொள்ளும். தேரின் முகப்பு ‘தே’. கோயிலை என்பதன் முதலெழுத்தை நீக்கினால் ‘யிலை’.

கிரிப்டிக் குறுக்கெழுத்தின் ஒவ்வொரு குறிப்பும் விடையை இரண்டு முறை சொல்கிறது. ஒரு முனையில் பொருள் இருக்கும். மீதியில் எழுத்துகளைக் கோக்கும் வழி. ஒட்டுத் தெரியாமல் இரண்டையும் ஒரே வாக்கியமாகத் தைப்பதில் இருக்கிறது அமைப்பவரின் கெட்டிக்காரத்தனம். அடைப்புக்குள் இருப்பது எழுத்துக் கணக்கு. ஒற்றும் ஓர் எழுத்தே.

1913 டிசம்பர் 21 அன்று ‘நியூயார்க் வேர்ல்டு’ நாளிதழில் ஆர்தர் வின் வெளியிட்ட முதல் கட்டத்தில் நேரடிக் குறிப்புகள்தான் இருந்தன. பூடகமான குறிப்புகள் 1920களில் பிரிட்டனில் வளர்ந்தன. இந்தியாவில் ‘தி இந்து’ வாசகர்களுக்கு அவை அன்றாடப் பழக்கம். தமிழில் வாஞ்சிநாதன் ‘தென்றல்’ இதழில் இவ்வகைப் புதிர்களை அமைத்தார்.

வித்தை என்னவோ நமக்குப் பழையதுதான். எழுத்துகளை ஒவ்வொன்றாகக் களைந்து வேறு சொற்களைப் பெறுவதைத் தண்டியலங்காரம் அக்கரச்சுதகம் என்கிறது. ஒரு செய்யுளுக்குள் இன்னொன்றை ஒளித்து வைத்தால் அது கரந்துறைச் செய்யுள். ‘கலைமகளுக்குள் திரும்பி நிற்கும் குன்று (2)’ என்ற குறிப்புக்கு அந்தக் கண் போதும். கலைமகளைக் கடைசியிலிருந்து படியுங்கள். நடுவே ‘மலை’ தெரியும்.

கண் மட்டும் போதாத இடமும் உண்டு. ‘மருந்தில் கொஞ்சம் குறைந்தால் தோடர் குடியிருப்பு (3).’ நான்கெழுத்து மருந்தில் ஓரெழுத்து போக வேண்டும் என்பது யாருக்கும் புரியும். எந்த எழுத்து? சமவெளிக்காரர் ஒற்றை எடுத்துவிட்டு ‘மருது’ என்று எழுதி, அடுத்த கட்டத்திலும் மாட்டிக்கொள்வார். தோடர்களின் ஊருக்கு ‘மந்து’ என்று பெயர் என அறிந்த ஊட்டிக்காரர் ‘ரு’வை நீக்கிவிட்டு நகர்ந்துவிடுவார். இங்கே அகராதியை விட அண்டைவீட்டுக்காரர் பெரிய துணை.

அதற்காக விடையையே கேட்டு வாங்கிக்கொண்டால் புதிரின் ருசி போய்விடும். ‘கொழுந்துன்னா உங்களுக்கு என்ன ஞாபகம் வருது?’ என்று மட்டும் கேளுங்கள். எழுத்தைக் கோக்கும் வேலை உங்களுடையதாகவே இருக்கட்டும். ஒருவர் பொருளைப் பிடிக்க, இன்னொருவர் எழுத்தைப் பிடித்தால், தனியாக ஒரு மணி நேரம் முட்டிக்கொண்டிருந்த குறிப்பும் ஒரு தேநீர் ஆறுவதற்குள் விழுந்துவிடும்.

இதோ உங்களுக்கு ஒன்று: ‘பாதி உதவும் கரம், மலைநகரம் (3).’ விடை வராவிட்டால் பக்கத்தில் இருப்பவரிடம் வாசித்துக் காட்டுங்கள்.