ஹீட் பம்ப் நாவலூருக்கு எதற்கு?

சென்னை நுங்கம்பாக்கத்தில் இதுவரை பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை 13.9 டிகிரி. 1895 டிசம்பரில் ஒருமுறை, 1905 ஜனவரியில் ஒருமுறை. அதன்பின் நூறாண்டுக்கு மேலாகியும் குளிர் அந்த அளவுக்கு இறங்கவில்லை. மறுமுனையில், 2003 மே 31 அன்று அதே நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி. இப்படிப்பட்ட ஊரில் போய் வீட்டைச் சூடாக்கும் கருவியைப் பற்றிப் பேசினால் யாரும் சிரிக்கத்தான் செய்வார்கள்.

ஆனாலும் பேச்சு வந்துவிட்டது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பழைய கேஸ் பாய்லரைக் கழற்றிவிட்டு ஹீட் பம்ப் வைப்பவர்களுக்கு அரசு 2023 அக்டோபர் முதல் 7,500 பவுண்டு வரை மானியம் தருகிறது. நார்வேயில் பாதிக்கும் மேற்பட்ட வீடுகளில் அது இருக்கிறது. அங்கே இருக்கும் பிள்ளைகள் வீடியோ காலில் காட்டுகிறார்கள். இங்கே கடைகளில் 'ஹீட் பம்ப் வாட்டர் ஹீட்டர்' என்று ஆளுயரத் தொட்டி ஒன்றை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். பழைய மகாபலிபுரம் சாலையில் நாவலூர், படூர், தாழம்பூர் பக்கம் ஐ.டி. வேலையை நம்பி எழுந்த அடுக்குமாடிகளில் பல, முதல் பெரிய மராமத்துக்கு வந்து நிற்கும் நேரம் இது. மொட்டை மாடி ஒழுகுகிறது, குளியலறை டைல்ஸ் மாற்ற வேண்டும், ஏசி பழசாகிவிட்டது. எப்படியும் செலவு செய்யப்போகிறோம், இதையும் சேர்த்து வாங்கிவிடலாமா என்ற கேள்வி எழுவது இயல்பு.

என் பதில்: ஹீட் பம்ப் உங்கள் வீட்டுச் சுவரில் ஏற்கெனவே தொங்குகிறது. முதலில் அதன் பாரத்தைக் குறையுங்கள்.

சூட்டைத் தயாரிப்பதில்லை, கடத்துகிறது

ஹீட் பம்ப் என்பது ஏசியேதான். ஏசிக்குள் ஓடும் திரவம் மிகக் குறைந்த வெப்பத்திலேயே கொதித்து ஆவியாகக்கூடியது. இப்போது வரும் ஏசிகளில் பெரும்பாலும் ஆர்-32 என்ற வாயு. சாதாரண காற்றழுத்தத்தில் அது மைனஸ் 52 டிகிரியிலேயே கொதித்துவிடும். அறைக்குள் இருக்கும் சுருளில் அது ஆவியாகும்போது அறையின் சூட்டை வாங்கிக்கொள்கிறது. வெளியே உள்ள கம்ப்ரஸர் அந்த ஆவியை அழுத்த, அது இன்னும் சூடேறி, வாங்கிய சூட்டை வெளிக்காற்றில் விட்டுவிட்டுத் திரவமாகத் திரும்புகிறது. இதே சுற்றைத் திருப்பிப்போட்டால் வெளியிலிருந்து சூடு உள்ளே வரும். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் சில விடுதிகளில் இருக்கும் 'ஹாட் அண்ட் கோல்டு' ஏசி அதுதான். சூட்டை அறைக்கு விடாமல் தண்ணீருக்கு விட்டால் ஹீட் பம்ப் வாட்டர் ஹீட்டர்.

ஒரு யூனிட் மின்சாரத்துக்கு மூன்று, நான்கு யூனிட் அளவு சூடு கிடைக்கிறது என்று விற்பனையாளர் சொல்வது பொய்யல்ல. மின்சாரம் சூட்டை உண்டாக்கவில்லை. இருந்த சூட்டை இடம் மாற்றும் கூலி மட்டுமே அது. இந்த யோசனை உப்புத் தொழிலில்தான் முதலில் பலித்தது. 1850களில் ஆஸ்திரியாவின் எபன்ஸே உப்பாலையில், உப்புநீர் காய்ச்ச எரிக்கும் விறகை மிச்சப்படுத்த, பீட்டர் ரிட்டிங்கர் என்ற பொறியாளர் ஆவியையே மறுபடி அழுத்திச் சூடேற்றும் எந்திரத்தைச் செய்து பார்த்தார். நாவலூரிலிருந்து சற்றுத் தெற்கே, கேளம்பாக்கம் உப்பளங்களில் அந்த வேலையை வெயிலே இலவசமாகச் செய்கிறது என்பது வேறு விஷயம்.

கூலி எவ்வளவு என்பதைப் பெரும்பாலும் ஒரு விஷயம் தீர்மானிக்கிறது: சூட்டை எந்த வெப்பநிலையிலிருந்து எந்த வெப்பநிலைக்கு ஏற்ற வேண்டும் என்பது. இடைவெளி குறைந்தால் கூலி குறையும். ஏசியை 22-இல் வைப்பதற்குப் பதில் 26-இல் வைத்து மின்விசிறியைச் சுழலவிட்டால் பில் குறைவது இதனால்தான். அவுட்டோர் யூனிட்டைக் காற்றோட்டமில்லாத சந்துக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக மாட்டினால், கீழ் வீட்டு யூனிட் கக்கிய சூட்டையே மேல் வீட்டு யூனிட் மூச்சிழுக்கிறது. ஐந்து நட்சத்திர ஏசி வாங்கினாலும் அங்கே மூன்று நட்சத்திர வேலைதான் செய்யும். மராமத்தின்போது அழகுக்காக அவுட்டோர் யூனிட்டை மரச்சட்டப் பெட்டிக்குள் மறைப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

முதல் ரூபாய் மொட்டை மாடிக்கு

கடைசி மாடியில் குடியிருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பகல் முழுக்க வெயில் குடித்த கான்கிரீட் தளம், இரவு ஏழு எட்டு மணிக்கு அதை அறைக்குள் இறக்கத் தொடங்கும். சரியாக நாம் ஏசி போடும் நேரம். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறைக்கு மேலிருக்கும் வெறும் தளம் மே மாதத்தில் உள்ளே இறக்கும் சூடு, தோராயக் கணக்கில் ஒரு கிலோவாட்டை நெருங்கும். ஒரு டன் ஏசியின் மொத்தத் திறனே மூன்றரை கிலோவாட்தான். நாலில் ஒரு பங்குக்கு மேல் கூரையோடு மல்லுக்கட்டுவதிலேயே போகிறது.

பழைய மெட்ராஸ் டெரஸ் வீடுகளில் இந்தத் தொல்லை குறைவு. தேக்கு உத்தரங்களின் மேல் மெல்லிய செங்கல்லைச் செங்குத்தாக அடுக்கி, அதன்மேல் சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் இட்டு இடித்து, கடைசியில் தட்டோடு பதித்தார்கள். கான்கிரீட் வந்த பிறகும் அதன்மேல் மூன்றங்குலச் சுண்ணாம்புத் தளமும் தட்டோடும் போடும் வழக்கம் வெகுகாலம் இருந்தது. இப்போது பல இடங்களில் ஒரு ரசாயனப் பூச்சு, ஒரு சிமென்ட் தளம், அவ்வளவுதான். ஒழுகாது, ஆனால் கொதிக்கும்.

மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பான பி.இ.இ., 2018 டிசம்பரில் வீடுகளுக்கென 'எகோ நிவாஸ் சம்ஹிதா' என்ற விதித்தொகுப்பை வெளியிட்டது. கூரையின் ஒரு சதுர மீட்டர் வழியே, உள்ளுக்கும் வெளிக்கும் ஒரு டிகிரி வித்தியாசம் இருக்கும்போது, 1.2 வாட்டுக்கு மேல் சூடு கடக்கக் கூடாது என்கிறது அது. ஆறங்குல வெறும் கான்கிரீட்டில் இந்த எண் ஏறத்தாழ மூன்று மடங்கு. சுண்ணாம்புத் தளமும் தட்டோடும் சேர்ந்தால் இரண்டை ஒட்டி வரும். நீர்க்கசிவுப் பூச்சுக்கு மேல் எக்ஸ்பிஎஸ் என்ற வெப்பத் தடுப்பு நுரைப் பலகையை ஓரங்குலத்துக்குப் பரப்பி, அதன்மேல் தளமும் வெள்ளை கூலிங் டைல்ஸும் போட்டால் ஒன்றுக்கும் கீழே போய்விடும். எப்படியும் ஒழுகலுக்காகத் தளத்தைக் கொத்தி எடுக்கிறீர்கள் என்றால், மேஸ்திரியிடம் அந்த ஓரங்குலத்தையும் சேர்த்துக் கேட்பதுதான் இந்தக் கட்டுரையிலேயே லாபமான யோசனை. தளம் போட்டு முடித்தபின் நினைவுக்கு வந்து பயனில்லை.

கொத்த முடியாதவர்களுக்கு வெள்ளைப் பூச்சு இருக்கிறது. தெலங்கானா 2023-இல் இதற்கென்றே 'கூல் ரூஃப்' கொள்கை வகுத்தது. தமிழ்நாடு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. சாம்பல் நிறத் தளம் 60 டிகிரியை நெருங்கும் மதியத்தில், வெள்ளைத் தளத்தில் வெறுங்காலோடு நடக்கலாம். விலை உயர்ந்த பெயின்ட் இல்லாவிட்டால் பசை கலந்த சுண்ணாம்பே போதும். மழைக்குக் கரையும், ஆண்டுதோறும் அடிக்க வேண்டும். எந்தப் பூச்சானாலும் தூசி படிந்தால் பாதிப் பலன் போச்சு, பங்குனியில் ஒருமுறை கழுவிவிடுங்கள். வேலையை வடகிழக்குப் பருவமழைக்கு முன், ஈரமில்லாத மாதங்களில் முடித்துவிட வேண்டும். அடுக்குமாடியில் மொட்டை மாடி எல்லோருக்கும் பொது. கடைசி மாடிக்காரர் தன் செலவில் அடிக்கிறேன் என்றாலும் அசோசியேஷன் அனுமதி வேண்டும். தனி வீட்டுக்காரர்களுக்கு இன்னொரு வழி: பிரதமரின் சூரிய கர் திட்டத்தில் 3 கிலோவாட் சோலார் பலகைக்கு 78,000 ரூபாய் மானியம். மின்சாரத்தோடு அது தரும் நிழலுக்கு யாரும் கணக்குப் போடுவதில்லை.

ஃபால்ஸ் சீலிங் பற்றிக் கேட்பார்கள். ஓரளவு உதவும். ஆனால் வெயிலைத் தளத்துக்கு மேலேயே நிறுத்துவது வேறு, உள்ளே வந்ததை ஒரு ஜிப்சம் பலகையால் மறைப்பது வேறு.

ஜன்னலையும் விடக் கூடாது. நம் போன்ற வெக்கையும் புழுக்கமும் உள்ள பகுதிகளுக்கு, தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்காவது திறக்கக்கூடிய ஜன்னலாக, கதவாக இருக்க வேண்டும் என்கிறது மேற்சொன்ன விதித்தொகுப்பு. மரக்கதவு ஜன்னலை எடுத்துவிட்டு யுபிவிசி ஸ்லைடிங் வைத்தால் திறப்பு பாதியாகிவிடும். நாவலூருக்குக் கிழக்கே பக்கிங்ஹாம் கால்வாயைத் தாண்டினால் கடற்கரை; பிற்பகலில் கடற்காற்று வருகிற ஊர் இது. கிழக்குப் பால்கனியைக் கண்ணாடி போட்டு அடைத்து ஓர் அலுவலக அறை எடுப்பவர்கள், அந்த அறைக்கு ஒரு ஏசியையும் சேர்த்தே வாங்குகிறார்கள்.

இதெல்லாம் முடிந்த பிறகு ஏசி. கூரையைச் சரிசெய்த அறைக்கு ஒன்றரை டன்னுக்குப் பதில் ஒரு டன் போதுமானதாக இருக்கலாம். லேபிளில் நட்சத்திரத்தை மட்டும் பார்க்காமல் ஏசியின் திறனைச் சொல்லும் ஐ.எஸ்.இ.இ.ஆர். என்ற எண்ணைப் பாருங்கள். நட்சத்திர அளவுகோலைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை இறுக்குவார்கள், பழைய ஐந்து புதிய நான்காகிவிடும். 2024 ஜூலை கட்டணப்படி இரு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டியதும் ஒரு யூனிட் 8.55 ரூபாய், 600-க்கு மேல் 9.65, 800-க்கு மேல் 10.70, ஆயிரத்துக்கு மேல் 11.80. ஆக, மிச்சமாகும் ஒவ்வொரு யூனிட்டும் உச்ச விலையில் மிச்சமாகிறது. மாட்டும்போது மெக்கானிக் குழாயில் வேக்கம் பம்ப் போட்டுக் காற்றை முழுக்க இழுத்த பிறகே கேஸைத் திறக்கிறாரா என்று பக்கத்தில் நின்று பாருங்கள். உப்புக்காற்று அவுட்டோர் யூனிட்டின் தகடுகளை அரிக்கும். கோவளம், முட்டுக்காடு பக்கம் இன்னும் வேகமாக. அரிப்புத் தடுப்புப் பூச்சுள்ள சுருளும், அவ்வப்போது நல்ல தண்ணீரில் ஒரு கழுவலும் அதன் ஆயுளைக் கூட்டும்.

ஒரு பக்கெட் வெந்நீரின் விலை

இனி அந்த ஆளுயரத் தொட்டி. இருபது லிட்டர் தண்ணீரை 27 டிகிரியிலிருந்து 40-க்குக் கொண்டுவர ஆகும் மின்சாரம், சாதாரண கீசரில், 0.3 யூனிட். நாலு பேர் குளித்தால் 1.2. தொட்டியில் ஆறிப்போவதையும் குழாயில் தங்குவதையும் சேர்த்து 2 யூனிட் என்று தாராளமாக வைத்துக்கொள்வோம். ஹீட் பம்ப் இதில் மூன்றில் இரண்டு பங்கை மிச்சப்படுத்தினால், இரு மாதத்துக்கு 80 யூனிட், 9.65 ரூபாய் விலையில் 770 ரூபாய். ஆண்டு முழுக்க வெந்நீரில் குளிக்கும் வீட்டுக்கு 4,600 ரூபாய். கார்த்திகை முதல் மாசி வரை மட்டும் குளிப்பவர்களுக்கு அதில் மூன்றில் ஒரு பங்கு. 200 லிட்டர் ஹீட் பம்ப் விலை பெரும்பாலும் லட்சத்தைத் தாண்டுகிறது. நிரம்பினால் கால் டன் எடை, அதை நிறுத்த யுடிலிட்டியில் இடம், உப்புக்காற்றில் இன்னொரு கம்ப்ரஸர். போட்ட பணம் திரும்புமுன் எந்திரம் ஓய்ந்துவிடும்.

நாவலூர் குடும்பத்துக்கு நல்ல கீசரே போதும். அதன் நட்சத்திரம், நிற்கும் தொட்டியிலிருந்து எவ்வளவு சூடு கசிகிறது என்பதைத்தான் சொல்கிறது; நாள் முழுக்க ஓடவிடாமல், குளிக்கும் முன் மட்டும் போட்டால் அதுகூடப் பெரிய விஷயமில்லை. 15 லிட்டரை 50 டிகிரிக்கு ஏற்ற 2 கிலோவாட் கீசருக்கு 12 நிமிடம் போதும். பணத்தை அதைவிட, உள்ளே இருக்கும் மெக்னீசியம் கம்பியை மாற்றச் செலவிடுங்கள். தண்ணி லாரியும் போர்வெல்லும் தரும் உப்புநீரில் அந்தக் கம்பி கரைந்து தீர்ந்தபின், அரிப்பு தொட்டியைத் தின்னத் தொடங்கும்.

அந்தப் பெரிய தொட்டிக்கு இந்தக் கரையில் இடமே இல்லையா என்றால், இருக்கிறது. சிறுசேரி சிப்காட்டை நம்பி நாவலூரில் பெருகியிருக்கும் பி.ஜி. விடுதிகள். அறுபது பேர் தங்கும் விடுதியில், எல்லோரும் ஏழு மணிக்குள் ஆளுக்கொரு பக்கெட் கேட்பார்கள். இழப்பும் சேர்த்து நாளொன்றுக்கு 25 யூனிட். ஹீட் பம்ப் அதை 7 அல்லது 8 யூனிட்டில் முடித்துவிடும், அதுவும் இரவெல்லாம் மெதுவாக ஓடி. மாதம் 500 யூனிட்டுக்கு மேல் மிச்சம். யூனிட் 9 ரூபாய் என்றாலும் 4,500 ரூபாய். கொஞ்சம் பெரிய கருவியாக வாங்கினாலும் சில ஆண்டுகளில் ஈடாகிவிடும்.

கோவளத்திலிருந்து மாமல்லபுரம் வரையுள்ள ரிசார்ட்டுகளுக்குக் கணக்கு இன்னும் சாதகம். ஐம்பது அறை, அறைக்கு நூறு லிட்டர், 55 டிகிரி என்றால் ஹீட்டர் சுருளில் நாளொன்றுக்கு 160 யூனிட்டுக்கு மேல். ஹீட் பம்பில் 50-க்குள். மத்திய ஏசி வைத்திருக்கும் ஓட்டல் தனியே ஹீட் பம்ப் வாங்க வேண்டியதுகூட இல்லை: ஏசி கம்ப்ரஸரிலிருந்து வரும் கொதி வாயுவை வெளிக்காற்றில் விடும் முன் தண்ணீர்த் தொட்டி வழியாக ஒரு சுற்று விட்டால், அறையிலிருந்து எடுத்த சூடே குளியல் தண்ணீரைக் காய்ச்சும். விடுதி நடத்துபவர்களுக்கு ஒரு கூடுதல் குறிப்பு: ஹீட் பம்ப் தண்ணீரைச் சூடாக்கும்போது தன்னைச் சுற்றியுள்ள காற்றைக் குளிர்வித்து ஈரத்தையும் எடுத்துவிடும். அந்தக் காற்றை ஒரு குழாய் வைத்துச் சமையல்கட்டுக்குத் திருப்பலாம். காலை ஐந்து மணிக்கே அங்கே அடுப்பு எரிந்துகொண்டிருக்கும்.